காற்றுக்கு எதிரே ஒரு முதுகு

சிறுவயதில் ஒரு விடியற்காலை, ஒரு சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் இறங்கும் சரிவில் ஏழெட்டு சைக்கிள்கள் மிதிக்காமலே உருண்டு போய்க்கொண்டிருந்தன. சக்கரங்களின் நடுவிலிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு மெல்லிய சத்தம், மழை விட்ட பிறகு கூரை சொட்டுவதுபோல. பின்னால் மூட்டை கட்டிய நெடுந்தூரப் பயணிகள். நான் ஜன்னலுக்கு ஓடுவதற்குள் போய்விட்டார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பிடித்தது, அதில் ஒரு பேச்சுக்குரல்கூடக் கலக்கவில்லை என்பதுதான். அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆகியிருக்கவில்லையே.

தெரிந்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கடலோரமாகப் பழைய ரயில் பாதை ஒன்று கிடந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அதை சைக்கிளுக்கென்றே விட்டார்கள். கடலை ஒட்டிப் போய், கலங்கரை விளக்கத்தில் திரும்பி, உள்பக்கத்துக் குன்றுகள், வாய்க்கால் கரை என்று சுற்றிக்கொண்டு வரும் பாதை. வண்டி நுழையாதபடி அங்கங்கே இரும்புக் கட்டை. சைக்கிள் சங்கத்தார் அதில் தொடங்கி, கலங்கரை விளக்கத்தையும் தாண்டிக் கடலோரமாகவே போகும் ஐந்து நாள் பயணம் அறிவித்திருந்தார்கள். கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் இல்லை. நான் படித்தது இப்படி: மனைவி இல்லை.

நாங்கள் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். நான் கண் பார்ப்பேன். அவள் பேசுவாள். கடையைத் திறந்ததிலிருந்து ஷட்டரை இறக்கும் வரைக்கும், பிறகு வீட்டுக்கு நடக்கும்போதும்.

"அஞ்சு நாள் கடலோரமா சைக்கிள்ல போகப் போறேன்" என்றேன் ஒருநாள், வீரமாக.

ஒரு பெரியவரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "போலாமே. எப்பக் கிளம்பறோம்?"

"கிளம்பறோம் இல்ல. கிளம்பறேன்."

"நீங்க மட்டுமா? ரெண்டு தெரு தள்ளியிருக்கிற பல் டாக்டர்கிட்டயே தனியாப் போக மாட்டீங்க."

பெரியவர் சிரித்தார். கண்ணாடி நழுவியது.

"கடையைப் பார்த்துக்க ஒருத்தர் வேணுமில்ல?"

"வேணும்தான்" என்று அவள் யோசித்தாள். "அந்த ஒருத்தர் ஏன் நானா இருக்கணும்?"

நான் பேச்சை மாற்றினேன். "நீ சைக்கிள் மிதிச்சு எத்தனை வருஷமாச்சு?"

"நான் கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, அதைக் கேளுங்க. பொடிநடையாப் போற தூரத்துல இருக்கு. ஒருநாள் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அம்மா கேக்கறது நியாயம்" என்றார் பெரியவர். அவருக்குக் கண்ணாடியே போட்டுவிட்டிருக்கக் கூடாது.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை கடை லீவு. ரெண்டு பேரும் போவோம். யார் சைக்கிள் மேலயே உக்காந்து வீடு வந்து சேர்றாங்களோ, அவங்க அந்தப் பயணத்துக்குப் போகட்டும். முடியாம இறங்கினவங்க கடையில உக்காரட்டும். எந்த வழின்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வழியை என் கையில் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவ்வளவு புத்தி இருந்தால் நான் ஏன் அதைப் பக்கத்து வீட்டு இசை வாத்தியாரிடம் போய்ச் சொல்கிறேன்?

வாத்தியார் இளமையில் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றியவர். ஆயுள் முழுக்க எக்காளம் ஊதக் கற்றுக்கொடுத்ததில் காது இரண்டும் போய்விட்டன. மதில் ஓரமாக நின்று ரகசியம் பேசினோம்.

"என் பெண்டாட்டியைப் பாதியிலயே திருப்பி அனுப்பணும், வாத்தியாரே!"

"என்ன?"

"பெண்டாட்டியை! பாதியில! திருப்பி அனுப்பணும்!"

"ஓ, அதுவா! சுலபம் தம்பி!" தனக்கே கேட்காததால் அவரும் கத்தித்தான் பேசுவார். "காலையில லேட்டாக் கிளம்பு! பத்து மணிக்கு மேல கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து காத்து அடிக்கும்! நேரா மூஞ்சியில! நல்ல நல்ல ஆம்பளையெல்லாம் அழுதிருக்கான்!"

"அதையும் தாண்டி வந்துட்டா?"

"திரும்பறப்போ உள்பக்கமா வா! குன்று இருக்கே, குன்று! விழுந்துடுவா!"

"ரொம்ப நன்றி! யாருகிட்டயும் சொல்லிடாதீங்க!"

"என்ன?"

"யாருகிட்டயும்! சொல்லாதீங்க!"

தெருமுனை பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டோடு வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குக் கிளம்பினோம். முதல் இரும்புக் கட்டையைத் தாண்டியதும் நகரத்தின் சத்தம் கதவைச் சாத்தியதுபோல நின்றுபோனது. இடது பக்கம் கடல். கரும்பச்சை, அதில் வெள்ளைக் கீறல்கள். ஒரு வளைவு திரும்பியதும் காற்று வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது. சட்டையைப் பிடித்து, எங்கே போகிறாய் என்று கேட்டது.

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"என்னங்க, நீங்க முன்னால போங்க. உங்களுக்குத்தானே வழி தெரியும்" என்றாள்.

வழி என்ன வழி, குழந்தைக்குக்கூடத் தெரியும். கடலில் விழாமல் போனால் போதும். ஆனாலும் பெருமையாக முன்னால் போனேன். அவள் என் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்தாள். என் முதுகு அகலமானது. தையற்காரர்கள் அதற்காக என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பூங்காவில் போவதுபோலப் போகலாம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

"என்னங்க, உங்க அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோட ஏதோ சண்டையாமே. நீங்க எனக்கு முழுசாச் சொன்னதே இல்லையே?"

அந்தக் கதையை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். காற்றுக்கு எதிரே கத்திக் கத்திச் சொன்னேன். நாற்காலி பறந்த இடம் வந்தபோது எனக்கு மூச்சு பறந்துகொண்டிருந்தது.

"கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன்.

ஓரிடத்தில் பின்னால் சத்தமே இல்லை. நான் ஆசைப்பட்ட அமைதி அதுதானே? பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தாள். பார்வை கடல்மேல் இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் கடையில் பார்த்ததில்லை. சட்டென்று திரும்பிக்கொண்டேன்.

கலங்கரை விளக்கத்தில் கால் ஊன்றி நின்றபோது என் தொடைகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்படியே திரும்பிடலாமா?" என்றேன், அன்பாக. காற்று இனி முதுகில்தானே.

"ஐயோ, நீங்க ஆசையா முடிவு பண்ணின வழியாச்சே. உள்பக்கமா ஏதோ குன்று இருக்குன்னீங்களே?"

நான் அவளிடம் குன்றைப் பற்றிச் சொன்னேனா? யோசிக்கத் தெம்பில்லை.

குன்று இருந்தது. வாத்தியார் பொய் சொல்லவில்லை. நிழலான, அழகான, பறவைகள் கூவும் குன்று. அதன் பாதியில் என் வலது கெண்டைக்கால் ஒரு கல்லாக மாறியது. இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கிடந்தோம்.

அவள் மேலே போய்விட்டிருந்தாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நானும் உச்சிக்குப் போனேன். அங்கே சைக்கிள் வாடகைக்கு விடும் ஒரு மரக்கொட்டகை. கொட்டகைக்காரி என் மனைவிக்கு டீ கொடுத்து, ஏற்கெனவே சிநேகிதி ஆகியிருந்தாள்.

"அம்மா, ஒரு டாக்ஸி கூப்பிட முடியுமா?" என்றேன்.

"இங்க எப்படிங்க வரும்? இது வண்டியே வராத பாதை. அதுக்காகத்தானே எல்லாரும் வர்றாங்க" என்றாள் அவள், பெருமையாக.

வண்டி வராத பாதையில் கால் போனவனை ஏற்றிக்கொள்ளவும் வண்டி வராது. சங்கத்தார் அறிவிப்பில் இதைச் சேர்த்திருக்கலாம்.

கொட்டகை ஓரத்தில், சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் குழந்தை வண்டி ஒன்று நின்றது. மஞ்சள் துணிக் கூரை, மேலே குச்சியில் ஒரு ஆரஞ்சுக் கொடி. என் மனைவி அதையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

"குழந்தைக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்டாள் கொட்டகைக்காரி.

"ஐம்பத்தெட்டு. கொஞ்சம் அடம் பிடிக்கும்."

முழங்கால் இரண்டும் காதைத் தொட, நான் அதற்குள் மடித்து வைக்கப்பட்டேன். கொட்டகைக்காரியே குனிந்து பெல்ட் மாட்டிவிட்டாள். என் சைக்கிள் அங்கேயே நின்றது. மறுபக்கம் முழுக்க இறக்கம். அதன் பிறகு வாய்க்கால் கரை, கோடு போட்டதுபோல் சமதரை. எதிரே வந்த பயணிகள் எல்லாரும் முதலில் புன்னகையோடு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் புன்னகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்கள். ஒரு பெண்மணி பழக்கதோஷத்தில் எனக்கு டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன். வேறென்ன செய்வது?

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பேக்கரிக்காரர் கடை வாசலில் நின்றார். வாத்தியார் மதிலோரம் நின்றார். தெருவே நின்றது. என் மனைவி சைக்கிள் மேலேயே உட்கார்ந்து வீட்டு வாசலில் வந்து நிறுத்தினாள்.

"என்ன தம்பி, திருப்பி அனுப்பிட்டியா?" என்று வாத்தியார் கத்தினார்.

அவள் என் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவருக்குத்தாங்க காது கேக்காது. எனக்கு நல்லாவே கேக்கும்."

ஐந்து நாள் பயணத்துக்கு அவள் போனாள். அடுத்த வருஷமும் போனாள். இப்போது சங்கத்தில் அவள்தான் பயணத் தலைவி. போன வாரம் நானும் பெயர் கொடுக்கப் போனேன். பயிற்சி போதாது என்று சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.