சம்பந்திக்கு, பேட்டரி விஷயமாக

திருத்தணி,
ஆவணி முதல் வாரம், 2008

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. நாகராஜன் அவர்களுக்கு, சிங்காரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி வசந்தியும் முருகன் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்பத்தூரில் தங்கள் வீட்டார் சுகத்தை வழக்கமாக என் மகள் துர்கா போனில் சொல்லுவாள். இப்போது சொல்ல வழியில்லை, அவள் இங்கேதான் இருக்கிறாள். ஆடிக்கு அனுப்பி வைத்தீர்கள், ஆவணி பிறந்தும் அழைக்க ஆள் வரவில்லை. ஆகையால் தாங்கள் அனைவரும் சௌக்கியம் என்று நானே எழுதி நானே படித்துக்கொள்கிறேன்.

நிற்க. தங்கள் குமாரர், மாப்பிள்ளை ஆனந்தனுக்குத் தை மாதக் கல்யாணத்தில் நாங்கள் கொடுத்த லேப்டாப்பின் பேட்டரி அரை மணிகூட நிற்பதில்லை என்று, துர்காவின் துணிப்பையோடு அந்த லேப்டாப்பையும் அனுப்பினீர்கள். அன்று போனில், "இன்னா சம்பந்தி, பஸ் டெப்போவுல பேட்டரி செக்சன்லயே ரிட்டையர் ஆனவரு, பேட்டரி பாத்து வாங்கத் தெரியலியே? நீங்க வாங்கிக் குடுத்த பொருளு, நீங்களே மாத்திக் குடுங்க, அப்பறம் பொண்ண அழைச்சிக்கறோம்" என்றீர்கள். தாங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், துர்கா சிரிக்கவில்லை.

நான் அந்தக் காலத்திலிருந்து பஸ் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினவன். மூடியைத் திறந்து பார்த்தாலே அதன் யோக்கியதை தெரிஞ்சிடும். இதுக்கு மூடியும் இல்ல, தண்ணியும் இல்ல. குலுக்கிப் பாத்தேன், சத்தம் வரல. மோந்து பாத்தேன், வாசனை வரல. "குடு நைனா"ன்னு துர்கா வாங்கி, லேப்டாப்புக்குள்ளியே இன்னாவோ தொறந்து காமிச்சா. புதுசுல நூறு புடிச்சது இப்ப அறுபதுதான் புடிக்குதாம். எப்படிம்மா, கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆவலியேன்னேன். "மெத்தை மேல வச்சிகினு, சார்ஜரப் புடுங்காம, விடிய விடிய படம் எறக்குவாரு நைனா, தோசைக்கல்லாட்டம் கொதிக்கும்"னா. நீ சொல்லக்கூடாதான்னேன். "சொன்னேன். உங்கப்பன் வாங்கிக் குடுத்ததுதான, போனா இன்னொண்ணு குடுக்கட்டும்னாரு." இத நான் தப்பா எடுத்துக்கல சம்பந்தி. வயசு அப்படி.

அப்பனும் பொண்ணும் மறுநாள் காலையில ரயில் புடிச்சு அம்பத்தூர் வந்தோம். சர்வீஸ் சென்டர் உங்க வீட்லருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் கீது. உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு எட்டிப் பாக்கல. துர்கா அந்தத் தெருப்பக்கம் தலையக்கூடத் திருப்பல. கவுண்டர்ல ஒரு பொண்ணு பேட்டரியச் சோதிச்சிட்டு, "இது பழுது இல்ல சார், தேய்மானம். வாரண்டி பழுதுக்குத்தான்"னுச்சு. தேஞ்சிட்டா பழுதுதானம்மான்னேன். "செருப்பு தேஞ்சா கடைக்காரர் மாத்தித் தருவாரா சார்?" இது செருப்பு இல்லம்மா, எம்பொண்ணு வாழ்க்கைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, பொண்ணு பக்கத்துல நிக்குதேன்னு முழுங்கிட்டேன். அந்தப் பொண்ணே மனசு எறங்கி, குரலத் தாழ்த்தி, "வருஷம் முடியறதுக்குள்ள பாதிக்குக் கீழ போயிட்டா பழுதுன்னு எழுதலாம் சார். உங்களுது இன்னும் கொஞ்சம் நல்லா இருக்குது, அதான் பிரச்சினை"னுச்சு.

அப்பறம் நடந்தத சொன்னா சிரிப்பீங்க, சிரிங்க. வீட்ல ஒரு பொருளு நல்லா இருக்கணும்னு வேண்டுவாங்க, நாங்க கெட்டுப் போவணும்னு வேண்டிகினு கெடந்தோம். சார்ஜ முழுசா ஏத்தறது, முழுசா எறக்கறது, மறுபடி ஏத்தறது. கரண்ட் கட்டானா ஊரே திட்டுது, நாங்க "ஆங், போச்சு!"ன்னு சந்தோஷமா லேப்டாப்பத் தொறக்கறோம். சும்மா ஓடவிட்டா சீக்கிரம் எறங்கல, வேலை குடுத்தாத்தான் எறங்குதுன்னு துர்கா பொதட்டூர்பேட்டைக்குப் போயி, லுங்கி வியாபாரி சேட்டு கிட்ட சரக்குக் கணக்க வாங்கியாந்து லேப்டாப்புல டைப் அடிச்சிகினு இருந்தா. எதிர்வீட்டு சுப்பன் பல்லு வெளக்கிகினே, "இன்னாண்ணா, இன்னிக்கு எப்படிகீது?"ன்னு ஆஸ்பத்திரில கெடக்கறவங்கள விசாரிக்கிறாப்ல விசாரிக்கறான். ஆடிக் கிருத்திகைக்கு ஊரு பூரா காவடி தூக்கிகினு மலை ஏறுது. எம்பொண்டாட்டி சன்னதில நின்னு, "முருகா, எப்படியாவது எறக்கிடுப்பா"ன்னு கண்ணுல தண்ணி விட்டுகினு நிக்கறா. பக்கத்துல நின்ன அம்மா, "ஊட்டுக்காரருக்குச் சக்கரையா?"ன்னு கேட்டாங்களாம். வசந்தி "ஆங்"னுட்டா. வேற இன்னா சொல்லுவா? நடுவுல மாப்பிள்ளை ஒரே ஒரு வாட்டி போன் பண்ணாரு. துர்கா அடுப்புல பாலக்கூட எறக்காம ஓடிப்போய் எடுத்தா. "பேட்டரி வந்துச்சா?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாரு. பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு.

ஒருவழியா பாதிக்குக் கீழ போச்சு. மறுபடி ரயிலு, அதே கவுண்டரு, ஆளு மட்டும் வேற. டை கட்டினவரு. "போன தடவைக்கு இப்ப இவ்ளோ வேகமா எறங்கிகீதே, எதுனா பண்ணீங்களா?"ன்னாரு. நான் ரசீதத் தேடறாப்ல பையில கைய விட்டேன். துர்காதான், "ஆங், பண்ணோம் சார். வேலை செஞ்சோம். அதுக்குத்தான வித்தீங்க?"ன்னா. அவரு கையெழுத்துப் போட்டாரு. திரும்பி வரும்போது புதுப் பேட்டரிய அட்டைப்பெட்டியோட மடியில வச்சிகினு வந்தேன். இப்ப சந்தோஷமாம்மான்னேன். "பேட்டரி எவ்ளோ தேஞ்சிகீதுன்னு பாக்க அதுக்குள்ளியே வழி வச்சிகீறாங்க நைனா, நமக்குத்தான் வைக்கல"ன்னா.

ஆகவே சம்பந்தி அவர்களே, தாங்கள் கேட்டபடி பேட்டரி மாற்றப்பட்டுவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளையை அனுப்பித் துர்காவை அழைத்துப்போக வேண்டுகிறேன். என் பேரில் குறை ஏதும் இருந்தால் மன்னிக்கவும். சம்பந்தியம்மாளுக்கு வசந்தியின் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும். மலைமேல் நிற்பவன் இரண்டு வீட்டையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சிங்காரம்

பின்குறிப்பு: கவர் ஒட்டறதுக்கு முன்னாடி துர்கா இதை வாங்கிப் படிச்சா. படிச்சிட்டு லேப்டாப்பத் திருப்பி, அடியில கொக்கியத் தள்ளி, புதுப் பேட்டரியக் கழட்டி என் கையில குடுத்தா. "அவங்க கேட்டது இதத்தான நைனா, இத மட்டும் கொரியர்ல அனுப்பிடு. லேப்டாப்பு எனக்கு வேணும், சேட்டு மாசாமாசம் வேலை தரேன்னுகீறாரு. கரண்ட் இருக்கும்போது செஞ்சிக்கறேன். என்னிய அங்க அனுப்ப வேணாம்"னா. வசந்தி அழுவாளோன்னு திரும்பிப் பாத்தேன். அவ அட்டைப்பெட்டியக் கட்ட சணல் தேடிகினு கீறா. ஆகவே வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம். பார்சல் வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. அதுக்கு வாரண்டி உண்டாம், சீட்ட உள்ளியே வச்சிகீறேன்.