முப்பத்தொரு சிவப்பு வட்டங்கள்

“பதினோரு இடம்” என்றார் டாக்டர் விங்கேட். “பதினோரு இடத்துல வட்டம் போட்டிருக்கேன். வேணும்னா எண்ணிக்குங்க மிஸ்டர் தெர்சியான்.”

வாஹே தெர்சியான் எண்ணவில்லை. மேஜை மேல் கிடந்த தன் இசைத் தாளைப் பார்த்ததுமே காது மடல் சூடாகிவிட்டது. தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு.

டாக்டர் விங்கேட்டுக்கு எழுபது வயது. ரெண்டு இசையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்று இன்னொன்றின் காப்பியா என்று சொல்வதுதான் அந்த அம்மாவுக்கு வேலை. கேஸுக்குப் பயந்த ஸ்டூடியோக்கள் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு படத்தையும் வெளியே விடுவதில்லை. அவர் பென்சிலைச் சீவும் சத்தம் கேட்டாலே, ஹாலிவுட் பக்கத்துப் பர்பாங்க் ஊரில் பாதி இசையமைப்பாளர்கள் வக்கீலுக்குப் போன் போடுவார்கள்.

வாஹேவுக்கு இதுவரை அந்தப் பயம் வந்ததில்லை. ஏனென்றால் காப்பி அடிப்பவர்களைக் கிண்டல் பண்ணுவதே அவன்தான். எந்த விருந்துக்குப் போனாலும், யார் இசையைப் போட்டாலும், மூன்று விநாடி கேட்டுவிட்டு மூக்கைச் சுளிப்பான். “இது உன் வீட்டுச் சமையல் இல்லடா. பக்கத்து வீட்டுப் பார்சல்” என்பான். அதனாலேயே விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இப்போது அவன் பார்சலே பிடிபட்டிருந்தது.

எல்லாம் ப்ரூக்கால் வந்தது. ப்ரூக் அந்தப் படத்தின் டைரக்டர். முப்பத்தொரு வயதுப் பெண். படத்தை வெட்டி ஒட்டும்போது, இசை தயாராகும் வரைக்கும், ஏதாவது பழைய படத்து இசையைச் சும்மா ஒட்டி வைப்பது இந்த ஊர் வழக்கம். டெம்ப் என்பார்கள். படத்தின் கடைசி நாலு நிமிஷத்தில் புருஷனை இழந்த ஒரு பெண் முதல் முறையாகத் தனியாகப் படகு ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் ப்ரூக் ஏதோ ஒரு ஃபின்லாந்துப் படத்தின் இசையை ஒட்டிவிட்டாள். ஒட்டி, எட்டு மாசம் அதையே தினமும் கேட்டாள். கேட்டுக் கேட்டு அதோடு கல்யாணமே ஆகிவிட்டது.

“இதே மாதிரி வேணும் வாஹே” என்றாள். “ஆனா இது வேண்டாம்.”

“இதே மாதிரின்னா எப்படி?”

“தியேட்டர்ல கேட்டா இதுதான்னு தோணணும். கோர்ட்டுல கேட்டா இது இல்லன்னு தோணணும்.”

வேறு சமயமாக இருந்தால் எழுந்து போயிருப்பான். ஆனால் பதினோரு வருஷமாகப் பெரிய படம் எதுவும் வரவில்லை. தேனீக்களைப் பற்றிய ஒரு சின்னப் படத்துக்கும் பூனைச் சாப்பாட்டு விளம்பரத்துக்கும்தான் இசை போட்டிருந்தான். பூனைகள் குறை சொன்னதில்லை, ஆனால் பேர் சொல்லவும் இல்லை. தலையாட்டினான்.

விசேஷம் என்னவென்றால், அது சுலபமாக வந்தது. நாலு நிமிஷ இசைக்கு அவனுக்கு ரெண்டு வாரம் ஆகும். இது, மனைவி ஷூஷான் வைத்த காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது. அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ப்ரூக் கேட்டு அழுதாள். தயாரிப்பாளரின் நாய்கூட வாலாட்டியது.

அப்புறம்தான் டாக்டர் விங்கேட் பென்சிலைச் சீவினார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி” என்றார். “அதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க. அடுத்த திங்கட்கிழமை அறுபத்திரெண்டு பேர் வாசிக்க வர்றாங்களாமே. நான் கையெழுத்துப் போடலைன்னா அவங்க வேற ஒருத்தர் எழுதினதை வாசிப்பாங்க.”

அன்றைக்குத் திங்கள்.

* * *

வாஹே வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தான். வயலின் வாசித்ததை எல்லாம் கிளாரினெட்டுக்குக் கொடுத்தான். சுருதியை மாற்றினான். நாலு தட்டாக இருந்ததை மூணு தட்டாக ஆக்கினான். நடுவில் புதிதாக ஒரு பகுதியும் சேர்த்தான்.

“படகு இப்ப ஓடல” என்றாள் ப்ரூக். “வால்ட்ஸ் டான்ஸ் ஆடுது. பரவாயில்ல, நான் பழகிக்கிறேன்.”

டாக்டர் விங்கேட் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் பண்ணினார்.

“பதினேழு.”

“என்னது? குறையத்தானே செய்யணும்!”

“நடுவுல புதுசா ஒண்ணு சேத்திருக்கீங்க பாருங்க, அது அந்த ஃபின்லாந்துப் படத்துல அடுத்த சீன்ல அப்படியே இருக்கு.”

“அம்மா, அடுத்த சீனை நான் கேட்டதே இல்ல. அந்தப் படத்தையே பாத்ததில்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மிஸ்டர் தெர்சியான்” என்று சொல்லி, அனுதாபமாகப் போனை வைத்தார்.

ஷூஷான் அடுப்பிலிருந்து லஹ்மஜுன் ரொட்டியை எடுத்துக்கொண்டே கேட்டாள். “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராச்சும் செத்துட்டாங்களா?”

“நான்தான். திருட்டுப் பட்டத்தோட.”

“ஊரையே திருடன்னு சொன்னியே. இப்ப தெரியுதா எப்படி வலிக்கும்னு?”

“ஷூஷ், நீயாவது என் பக்கம் பேசேன்.”

“உன் பக்கம்தான் பேசறேன் வாஹே ஜான்” என்றாள். அவர்களுடைய ஆர்மேனிய பாஷையில் ஜான் என்றால் கண்ணு. “அந்த டெம்ப்பைக் கம்ப்யூட்டர்ல இருந்து அழி. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அது உன் கைக்குள்ள பூந்துருச்சு. எல்லாத்தையும் மறந்துட்டு, உன் மனசுல என்ன இருக்கோ அதை எழுது.”

அழித்தான். அழித்ததை மறுபடி எடுக்க முடியாதபடியும் அழித்தான். க்ளெண்டேலில் ஷூஷானின் அண்ணன் கம்பளக் கடை வைத்திருக்கிறார். அதன் பின்பக்க அறையில், சுருட்டி நிறுத்திய கம்பளங்களுக்கு நடுவே ஒரு சின்ன கீபோர்டோடு உட்கார்ந்தான். வெளிச் சத்தம் ஒரு துளி வராது. படகை நினைக்கவில்லை. ஃபின்லாந்தை நினைக்கவில்லை. யாரையும் நினைக்கவில்லை. உள்ளே இருந்து எது வந்ததோ அதை எழுதினான்.

புதன்கிழமை காலை ஷூஷானுக்கு வாசித்துக் காட்டினான். அவள் கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இதுதான்யா நீ” என்றாள். “கல்யாணத்துக்கு முன்னாடி என்னை மயக்கறதுக்கு வாசிப்பியே, அதே ஆளு.”

வாஹே தலை நிமிர்ந்து டாக்டர் விங்கேட் ஆபீசுக்குப் போனான். தலை நிமிர்ந்தே உட்கார்ந்தான். அந்த அம்மா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். பென்சிலைப் பார்த்தார். முனை மழுங்கியிருந்தது.

“முப்பத்தொண்ணு.”

“எவ்வளவு?”

“முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இப்படி ஒரு ரிக்கார்டு பாத்ததில்ல. தாளம் ஒத்துப்போகுது, மூச்சு விடற இடம் ஒத்துப்போகுது. அந்த ஆள் எங்க தயங்குவாரோ அங்க நீங்களும் தயங்கறீங்க. மத்தவங்க பாட்டைத் திருடுவாங்க. நீங்க ஆளையே திருடியிருக்கீங்க.”

“நான் மனசுல இருந்து எழுதினேம்மா.”

“அப்ப அந்த மனசை யாருகிட்ட இருந்து எடுத்தீங்க?”

வாஹே தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த அம்மாவுக்கே பாவமாகப் போய்விட்டது. மிட்டாய் டப்பாவைத் தள்ளினார்.

“ஒரே வழிதான் இருக்கு” என்றார். “அந்த ஃபின்லாந்துக்காரரோட உரிமை எல்லாம் அவர்கிட்டயேதான் இருக்கு, விசாரிச்சுட்டேன். அவர் சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டா நானும் கையெழுத்துப் போட்டுடுவேன். வெள்ளி மத்தியானத்துக்குள்ள.”

* * *

ஃபின்லாந்துக்காரர் பெயர் எய்னோ லெஹ்டிமாகி. வாஹே அன்றைக்கே அவருக்குக் கடிதம் எழுதினான். கெஞ்சுகிற மாதிரி இருக்கக் கூடாது, கௌரவமாக இருக்க வேண்டும் என்று நாலு முறை திருத்தினான். கடைசியில் நின்றது இதுதான்:

“மதிப்பிற்குரிய திரு. லெஹ்டிமாகி, உங்கள் இசையும் என் இசையும் ஒன்றுபோல் இருப்பது குறித்து உங்களிடம் அவசரமாகப் பேச வேண்டும்.”

பதில் இல்லை.

“விவரம் பத்தாது” என்றாள் ப்ரூக். “டாக்டர் விங்கேட் ரிப்போர்ட்டையும் சேத்து அனுப்புங்க. முப்பத்தொரு வட்டமும் தெரியட்டும். ஸ்டூடியோ வக்கீலுக்கும் ஒரு காப்பி போடுங்க, அப்பதான் மதிப்பாங்க.”

அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் எய்னோவின் இணையதளமே காணாமல் போய்விட்டது.

“பாத்தியா, எவ்வளவு கோவம்!” என்றான் வாஹே ஷூஷானிடம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே சாயங்காலம் ஆறு, போன் பண்ணினான். எய்னோவின் மனைவி பிர்க்கோ எடுத்தாள்.

“அவர் சானாவுல இருக்கார். ஆவி பிடிக்கிறார்.”

“எப்ப வருவார்?”

“தெரியல.”

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். சானா. பத்துக்குக் கூப்பிட்டான். சானா.

“அம்மா, ரெண்டு மணி நேரமா ஆவியில இருக்கார்னா வெந்திருப்பாரே!”

“எங்க ஊர்க்காரங்க தாங்குவாங்க” என்று சொல்லிப் பிர்க்கோ வைத்துவிட்டாள்.

“நான் பேசறேன்” என்று டாக்டர் விங்கேட்டே முன்வந்தார். “தொழில்காரங்க பேசினா ஒரு மரியாதை இருக்கும்.” அவர் பேசியது ரெண்டே வரி. “நான் இசைத் திருட்டு வழக்குகள்ல சாட்சி சொல்ற நிபுணர். மிஸ்டர் தெர்சியான் சார்பாப் பேசறேன்.” எதிர்ப்பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அதன்பிறகு அந்த நம்பர் வேலையே செய்யவில்லை.

வாஹே சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்தான். “என்னைப் புழு மாதிரி நினைக்கிறான் ஷூஷ். பேசக்கூடப் பிடிக்கல அவனுக்கு. நியாயம்தான். நான் அவன் இடத்துல இருந்தா நானும் பேசமாட்டேன்.”

“நீ அவன் இடத்துல இருந்தா ஊருக்கே பேசியிருப்பே” என்றாள் ஷூஷான். “அந்தப் பொம்பளையோட நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே.”

பிர்க்கோ ரொட்டி சுடுவதைப் படம் பிடித்துப் போடுகிற பழக்கம் உள்ளவள். ஷூஷான் அதைத் தேடிக் கண்டுபிடித்து, கம்பு மாவு எத்தனை நேரம் புளிக்க வேண்டும் என்று கேட்டாள். ராத்திரிக்குள் ரெண்டு பேரும் சிநேகிதிகள். மறுநாள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு ஆனது.

* * *

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை. டாக்டர் விங்கேட் ஆபீசில் நாலு பேரும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டூடியோவிலிருந்து ப்ரூக்குக்கு ஏற்கெனவே செய்தி வந்துவிட்டது. மாற்று ஆள் தயார், பன்னிரண்டுக்குச் சொன்னால் போதும். ப்ரூக் நகத்தைக் கடித்தாள்.

திரையில் பிர்க்கோ வந்தாள். முகமெல்லாம் மாவு. அவளுக்குப் பின்னால் ஒரு மரக்கதவு. கதவிடுக்கில் ஆவி கசிந்தது.

“பிர்க்கோ ஜான், ரொட்டி எப்படி வந்துச்சு?” என்றாள் ஷூஷான்.

“நல்லா வந்துச்சு.” பிர்க்கோ திரையில் இருந்த மற்ற முகங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “உன் வீட்டுக்காரர் நல்லவரா?”

“வாய் ஜாஸ்தி. ஆனா நல்லவர்.”

“கோர்ட்டுக்கெல்லாம் போவாரா?”

“பல் டாக்டர்கிட்ட போகவே நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்.”

கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. வாஹேயால் அதற்கு மேல் முடியவில்லை. மனைவியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். இருபத்தைந்து வருஷத் தொழிலில் எந்த விருந்திலும் சொல்லாததைச் சொன்னான்.

“அம்மா, நான் காப்பி அடிச்சுட்டேன். வேணும்னு செய்யல. ஆனா அடிச்சது அடிச்சதுதான். உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளு. அவர் இசையைப் பாத்து ஓடி ஓடிப் போனேன், போன இடத்துல எல்லாம் அவர்தான் நின்னார். பேர் அவருக்கே போடுறேன். அவருக்குக் கீழ என் பேரைச் சின்னதாப் போட்டாப் போதும். சம்மதம்னு ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுங்கம்மா.”

டாக்டர் விங்கேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிர்க்கோ வாயைத் திறந்தபடி நின்றாள். “சம்மதமா? அவர்கிட்ட நீங்க சம்மதம் கேக்கறீங்களா?”

“ஆமாம்மா.”

அவள் திரும்பி ஓடினாள். மரக்கதவைத் திறந்து ஃபின்லாந்து பாஷையில் என்னமோ கத்தினாள். உள்ளேயிருந்து ஒரு ஆம்பளைக் குரல் எதையோ கேட்டது. அவள் மறுபடி சொன்னாள். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், ஆவியைக் கிழித்துக்கொண்டு, அழுகையும் கலந்து. வெந்து சிவந்த ஒரு வழுக்கைத் தலை இடுப்பில் துண்டோடு வெளியே வந்து, திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது.

பிர்க்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“மூணு நாளா இந்த மனுஷன் சானாவை விட்டு வெளிய வராமக் கிடக்கார், நீங்க என்னிக்கோ ஒரு தேனீப் படத்துக்குப் போட்ட இசையை இவர் திருடி, மெதுவாக்கித் தன்னோடதுன்னு போட்டுக்கிட்டதைக் கண்டுபிடிச்சுட்டீங்கன்னு பயந்து!”