போதும் அக்காவின் தீபாவளித் தட்டு

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டின் இருபுறச் சந்துகளிலும் அந்நாளில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேர் இந்த உலகத்தில் முதன்முதலாகக் கேட்ட சொல் "போதும்". மீதிப் பேர் ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்ட துரதிர்ஷ்டசாலிகள்.

சொன்னவர் எங்கள் வட்டாரத்து மருத்துவச்சி. குழந்தையைக் கையில் ஏந்தி, துடைத்து, தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்பே "போதும்" என்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். எங்களுக்கு அவர் போதும் அக்கா. மற்ற மருத்துவச்சிகள் "அடுத்த வருஷமும் கூப்பிடுங்கம்மா" என்று வெற்றிலை வாங்கிக்கொண்டு போன காலத்தில், தன் பிழைப்பில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்ட ஒரே மருத்துவச்சி அவர்தான்.

கறுப்புப் பையைக் கட்டிய அவருடைய சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகுட்டிக்காரர்கள் காப்பிக்கடைத் தூண்களுக்குப் பின்னால் மறைவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பஃபலோ ரோட்டு முடிதிருத்தும் கடையில், கழுத்தில் துணியும் முகம் முழுக்கச் சோப்பு நுரையுமாக நான் உட்கார்ந்திருந்த ஒரு நாள், நேராக உள்ளே வந்துவிட்டார். ஆண்கள் கடை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

"தம்பி, மூணு பொண்ணாச்சு. கடைசிப் பிரசவத்துல உன் வீட்டுக்காரி பொழைச்சதே பெரிய பாடு. இன்னொண்ணு அவ தாங்கமாட்டா. குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்குக்கு எப்ப வர்றே?"

வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். திறக்காவிட்டால் மானம் போகும். திறந்தேன். இரண்டும் போயின.

"அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்க்கா."

முடிதிருத்துபவரின் கத்தி அந்தரத்தில் நின்றது. "இதையுமாண்ணே அம்மாகிட்ட கேப்பீங்க?"

கேட்கவே தேவையில்லை. அம்மாவுக்கு ஒரு பேரன் வேண்டும். அக்காவின் சைக்கிள் எங்கள் சந்தில் திரும்பினாலே கதவைச் சாத்திவிடுவார். என் மனைவி கமலா சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அக்கா தீபாவளி வரை காத்திருந்தார். தீபாவளித் தட்டை எந்த வீட்டிலும் மறுக்க முடியாதல்லவா? அடுக்கிய முறுக்குக்கு அடியில், கிளினிக்கில் கொடுக்கிற ரப்பர் உறைகளைப் பழுப்புக் காகிதத்தில் பொட்டலமாகச் சுற்றி வைத்து, மேலே துணி மூடி, வாசலில் அம்மா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கமலாவுக்கு முன்பே ரகசியமாகச் சொல்லியாகிவிட்டது. அபாரமான திட்டம். அதில் இருந்த ஒரே ஓட்டை, முறுக்கு. அக்கா சுட்ட முறுக்கைக் கொண்டு சுவரில் ஆணி அடிக்கலாம். அதனால் அவர் தட்டு வந்தால், மூடிய துணியைக்கூட விலக்காமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது தெருவின் வழக்கம்.

கமலா பின்கட்டில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டை என்னிடம் நீட்டினார். "டேய், இத உங்க பெரிய கிராணி வீட்ல குடுத்துட்டு வா."

பெரிய கிராணி, நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. அவர் தும்மினால் நாங்கள் எழுந்து நிற்போம். எட்டுப் பிள்ளைகளின் தந்தை. புதுச்சட்டையும் பல்லெல்லாம் தெரிகிற சிரிப்புமாக, அந்தத் தட்டை அவர் மனைவியின் கையில் நானேதான் பணிவோடு கொடுத்தேன்.

வீடு திரும்பியபோது கமலா ஈரக் கையோடு தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். விடிகாலையில் தேய்த்த எண்ணெய் எனக்கு மறுபடி வழிந்தது.

மறுநாள் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"என்னப்பா, முறுக்குக்கு அடியில என்ன வச்சு அனுப்பின?"

"தட்டு மாறிப்போச்சு சார். அது எங்களுக்கு வந்தது. திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

அவர் ஜன்னல் வழியே கப்பல்களைப் பார்த்தார். குரல் இறங்கியது. "நான் அப்பவே திருப்பிக் குடுக்கச் சொன்னேன் லா. வீட்டம்மா தரமாட்டேங்கிறா."

இதைச் சொன்னால் கமலா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மூணு பொண்ணுங்களையும் நான் வளக்கணும். அதுக்கு நான் உசுரோட இருக்கணும். போய் அக்காகிட்ட வேற கேளுங்க," என்றாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போய்ச் சமாளித்திருப்பேன்.

போனேன். கடைகளின் முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் அஞ்சடி நடைபாதையில்தான் அக்காவின் தர்பார். மாலையில் பாதித் தெரு அங்கே உட்கார்ந்திருக்கும்.

"அக்கா, அந்தத் தீபாவளித் தட்டு..."

"முறுக்கு தீந்துபோச்சு தம்பி."

"முறுக்கு இல்லக்கா. அதுக்கு அடியில இருந்தது."

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

சொன்னேன். எதிர்த்த வரிசைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். மூலையில் நகை செய்துகொண்டிருந்த பத்தர் இடுக்கியைக் கீழே வைத்தார். "அண்ணே, எனக்கும் சேத்து வாங்கிருங்க."

அக்கா கறுப்புப் பையிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்; ஆனால் என்னிடம் தரவில்லை. சைக்கிளில் ஏறி என் வீட்டுக்கே கிளம்பினார்; நான் பின்னால் ஓடினேன். அம்மா கதவைச் சாத்துவதற்குள் அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"எனக்கு ஒரு பேரன் வேணும்," என்றார் அம்மா.

"அன்னிக்கு உங்க மருமக கை சில்லுன்னு ஆனப்ப, என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டு என்னம்மா கேட்டீங்க? பேரனையா கேட்டீங்க?"

அம்மா கமலாவைப் பார்த்தார்.

"இவளத்தான் கேட்டேன்."

பொட்டலத்தை அம்மாவே வாங்கிக் கமலாவிடம் கொடுத்தார். கொடுத்த கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

பேரன் வரவில்லை. கமலா இதோ, நான் இதை எழுதும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, "ரொம்ப அளக்காதீங்க" என்கிறாள்.

அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தார். அவர் தட்டு அதன்பிறகு எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. அம்மா முறுக்கை வெந்நீரில் ஊறவைத்துத் தின்றார். நான் ஒரு கடைவாய்ப் பல்லைக் காணிக்கையாகக் கொடுத்தேன். தட்டை நீட்டி, "போதுமா?" என்று கேட்பார் அக்கா. அந்தச் சொல்லை அவருக்குத் திருப்பிச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மனம் வந்ததே இல்லை.