கெர்னல் பாகப்பிரிவினை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் உடம்பால் சௌக்கியம். எனக்கு மனசு மட்டும் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலோடு நின்றுவிட்டது.

தங்கள் சலவைக்கடையில் எட்டு இயந்திரங்களும் துவைத்து முடித்துவிட்டுக் கதவைத் திறக்க மறுத்தது யாரால் என்று கேட்டீர்கள். என்னால்தான்.

எங்கள் அலுவலகத்தில் இயந்திரங்களுக்கான இயங்குதளம் செய்கிறோம். அதன் நடுவில் இருப்பது கெர்னல். (கெர்னலைப் பிரிக்கிற வேலை என்று வீட்டில் சொன்னதற்கு, "பட்டாளத்துக்காரர் வீட்டு விவகாரம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள் என் மனைவி.) அதற்குள்ளே எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று எழுதிவைத்த கோப்புகளுக்கு ஹெடர் என்று பெயர். தங்கள் கடை நிரல்போல வெளியே ஓடுகிறவைக்கும் அதே ஹெடர்தான். நடுவில் ஒரு வரி இருக்கும்: நீ கெர்னலாக இருந்தால் மட்டும் இதற்குக் கீழே படி. இத்தனை வருஷமாக அந்த ஒரு வரியை நம்பித்தான் குடித்தனம். இனி சரிப்படாது, வீட்டுக்குள்ளது தனி, வெளியாருக்குள்ளது தனி என்று பிரித்துவிடுங்கள் என்றார் மேலாளர். பதினோரு வாரம், அறுநூற்று நாற்பது கோப்பு, என் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. திங்கட்கிழமை எல்லா வாடிக்கையாளர் நிரல்களையும் புதிதாகக் கம்பைல் செய்து, அதாவது ஹெடர்களைச் சேர்த்துப் படித்து இயந்திர மொழிக்கு மாற்றி, அனுப்பினோம். திரை முழுக்கப் பச்சை. பக்கத்து மேசைப் பெண், "ஒரு பிழைகூட இல்லையா சார்?" என்று கேட்டாள். "அனுபவம்மா" என்றேன்.

மறுநாள் தங்கள் போன். தங்களிடம் துணி போட்டிருந்த வக்கீலின் கறுப்புக் கோட்டு உள்ளே மாட்டிக்கொண்டதும், அவர் தங்கள் டெலிவரி வண்டி ஓட்டுநரின் சட்டையில் கோர்ட்டுக்குப் போனதும், நீதிபதி "வண்டியை எங்கே நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டதும் காதில் விழ விழ எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து எங்கள் அலுவலக லிஃப்ட் மேலாளரோடு நடுவழியில் நின்றது. அதுவும் எங்கள் இயங்குதளத்தில் ஓடுவதுதான். ஓடிப்போய்க் கதவிடுக்கில் வாயை வைத்து, "சார், இதுவும் நான்தான் சார்" என்றேன். "முதல்ல திறங்கய்யா, யாருன்னு அப்புறம் பார்ப்போம்" என்றார்.

இடத்துக்கு வந்து தங்கள் கடை நிரலைத் திறந்தேன். முதல் வரியே, நான்தான் கெர்னல் என்கிறது. துணி துவைக்கிற நிரல், கெர்னல் என்று பொய் சொல்லி உள்ளே நுழைந்து, அந்தரங்கத்தையெல்லாம் படித்திருக்கிறது. நான் உள் அறையைத் தனியாகப் பூட்டியதும் கதவு எங்கே என்று தெரியாமல் திகைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். எழுதிய புண்ணியவான் யார் என்று பார்த்தால், தேதி கல்யாணத்துக்கு முந்தின மாதம், பெயர் நம் மாப்பிள்ளையுடையது. அவருக்குப் போன் போட்டு மெதுவாகத்தான் கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் மாமா போடுறாங்க. இல்லேன்னா உள்ள விடமாட்டேங்குதே."

"விடக் கூடாதுன்னுதானே மாப்பிள்ளை அந்த வரியே."

"நான் என்ன அந்நியனா மாமா?"

பெண்ணைக் கொடுத்தவன் இதற்கு என்ன பதில் சொல்வான், தாங்களே சொல்லுங்கள். அவர் பெயர் நான் அலுவலகத்துக்குக் கொடுக்கும் கோளாறு அறிக்கையில் ஏறினால் வேறெங்கும் வேலை கிடைக்காது. என் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அதனால் எல்லாம் என் தவறு என்று எழுதி, நாலு மணிக்கு ராஜினாமா கொடுத்துவிட்டேன். எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ், சம்பந்தி. தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவளிடம் "உங்கப்பா" என்று எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க வேண்டாம்.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மனம் நிறைந்த ஆசிகள். வக்கீலிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பக்கத்து மேசைப் பெண் கூப்பிட்டாள். கம்பைல் செய்யும் கணினி இந்தப் பதினோரு வாரமும் பழைய ஹெடர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்ததாம். என் அறுநூற்று நாற்பதில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. "உள்ளே இருக்கிறது காணோம்னா கம்பைல் பண்ணும்போதே கத்தியிருக்குமே சார். ஒரு பிழைகூட இல்லையான்னு நான் அன்னைக்கே கேட்டேனே." லிஃப்ட் நின்றது மின்சாரம் போனதால். தங்கள் கடைக்குப் போன மெக்கானிக், எட்டு இயந்திரத்திலும் குழந்தைகள் கதவைத் திறந்துவிடாமலிருக்கப் பொத்தானை அழுத்திப் போடுகிற பூட்டு விழுந்திருந்தது என்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம் சம்பந்தி அம்மாள் பொத்தான்களையெல்லாம் அழுத்தித் துடைத்தார்களாம். தயவுசெய்து அவர்களிடம் எதுவும் கேட்க வேண்டாம். ராஜினாமாவைத் திருப்பி வாங்கலாமென்று மேலாளருக்குப் போன் செய்தேன். அது அன்றைக்கே ஏற்கப்பட்டுவிட்டது. என் இடத்துக்கு ஒரு விண்ணப்பமும் வந்துவிட்டதாம், படித்துக் காட்டினார். அனுப்பியவர் மாப்பிள்ளை. அனுபவம் என்ற இடத்தில், "கெர்னலுக்கு உள்ளே, நான்கு ஆண்டுகள்" என்று போட்டிருக்கிறார். பரிந்துரைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.