தச்சநல்லூர்க் கடலும் ஒற்றை எறாலும்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்துப் பாறைகளில் புரண்டு, அணைதோறும் இளைப்பாறி, வாய்க்கால்தோறும் பிரிந்து, கடைசியில் தச்சநல்லூர்த் தெருக்குழாய்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்சி தரும் பொருநை என்னும் தாமிரபரணி அன்னையே, முதல் வணக்கம் உனக்கு. உன்னை வாளியில் பிடித்துக் கடலாக்கத் துணிந்த ஒருத்தியின் வரலாறு இது. சொல்லி முடிக்கும்வரை குழாயில் காற்று வராமல் காத்தருள்வாயாக.

வாழ்க சண்முகசுந்தரி. நெல்லைச் சைவக் குலக்கொடி, கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு இயந்திரத்தைப் போர்முரசாக முழக்கி ஓய்வு பெற்றவள், தேங்காய்ப்பால் சொதி மணக்கும் அடுக்களையின் தனிப்பேரரசி, முருங்கைக்காயைத் தவிர வேறெதன் எலும்பையும் தொட்டறியாத தூய கரத்தினள். அவள் ஏன் கடலை விரும்பினாள்?

மண்ணுக்காகப் போர்கள் நடந்திருக்கின்றன. இந்தப் போர் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், கன்னத்தைக் கையில் ஏந்தி அவள் அமர்ந்திருந்தபோது, எதிரே ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல் இருந்தது. உப்பும் ஒளியும் கலந்த அந்த நீலத்தில், ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை கட்டிய இரண்டு சிறு மீன்கள், வேலை இல்லாத இளவரசர்களைப் போல உலவின. அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காப்பி கேட்கவில்லை, சாவி கேட்கவில்லை, மாத்திரை எங்கே என்று கேட்கவில்லை. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின; அவையும் ஒன்றும் கேட்கவில்லை. மணமான நாள் முதல் இப்படி ஒரு மணி நேரம் தனக்கு வாய்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தபின் பல் வலிக்கவில்லை, வேறெதுவோ வலித்தது.

அடுத்த வாரமே கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கோட்டை ஒன்று எழுந்தது.

கோட்டையைக் கண்டு நாளிதழை இறக்கினார் தாணுமாலையன். அவள் கணவர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், தலைப்புச் செய்தி முதல் கடைசிப் பக்கத்து அச்சகத்தின் முகவரிவரை ஒரே மூச்சில் படித்து வெல்லும் பெருவீரர். அவர் ஆணை பிறந்தது.

"ஆனித் தேருக்கு எங்க அக்கா வருதா. அவ வரும்போது இதுல மீனு நீந்தணும். இல்லன்னா தொட்டி மாடிக்குப் போயிரும். சொல்லிட்டேன்."

மாடி என்றால் என்ன என்று அறியாதவர்களுக்கு: அவ்வீட்டில் மாடியறைக்குப் போன எதுவும் திரும்பி இறங்கியதில்லை. அவளுடைய தையல் இயந்திரம் அங்கேதான் இருந்தது. இந்தி படிக்கச் சேர்ந்து பாதியில் நிறுத்திய பாடப் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன. போனபோது எல்லாமே தற்காலிகமாகத்தான் போயின.

எனவே சுந்தரி கடல் செய்யத் தொடங்கினாள். பொருநை கடலைச் சேரப் புன்னைக்காயல்வரை ஓட வேண்டும் என்பது உலக வழக்கு. அன்று அது தச்சநல்லூர்க் குளியலறையில், ஒரு நீல வாளியில், கூரியரில் வந்த கடலுப்போடு கலந்து முடிந்தது. அதற்குமுன் அந்த நீர் சமையலறை வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறங்கவேண்டியிருந்ததுதான் தாணுமாலையனைச் சுட்டது.

"தாமிரபரணித் தண்ணிய வடிகட்டணுமாம்லா. பாட்டன் பூட்டன் குடிச்ச தண்ணி, ஒம் மீனுக்கு ஆகலயோ?"

கடல் நிறைந்தது. துளை நிறைந்த கற்கள் மலைத்தொடராக அடுக்கப்பட்டன. அலை எழுப்பும் சிறு மோட்டார் முழங்கியது. மீன் எப்போது விடலாம் என்று கேட்கத் தொட்டி விற்றவரைக் கைபேசியில் அழைத்தாள். அங்கிருந்து வந்தது அந்த இடி.

"இப்ப விடக்கூடாதும்மா. விட்டா செத்துரும். மொதல்ல பச்சை எறால் ஒண்ணு போடுங்க. அது அழுகும், அம்மோனியான்னு ஒரு விசம் வரும். அந்த விசத்தைத் திங்குற நுண்ணுயிர் பைய வந்து கல்லுல குடியேறும். அதுக்கு அப்புறந்தான் மீனு."

எறால். ஏழு தலைமுறையாக வெங்காயத்தைக்கூட அமாவாசைக்கு வெளியே நிறுத்திய குலத்தின் கூடத்தில், எறால். கைபேசியை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். தான் விரும்பிய ஒன்றே ஒன்றுக்கு வாசல் இவ்வளவு நாற்றமுள்ளதாக இருக்கவேண்டுமா என்று நினைத்தாள்.

அப்போது அவள் நினைவில் படைத்துணையாக எழுந்தாள் யூனிஸ். சங்க அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, பாளையங்கோட்டைக்காரி, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மீன்குழம்பு கொதிக்கும் வீட்டின் தலைவி. அவளை அழைத்துச் செய்தியைச் சொன்னாள்.

"ஏட்டி சுந்தரி, ஒரே ஒரு எறாலா? எங்க வீட்டுல ஒத்த எறால் வாங்குனா பூனையே வீட்ட விட்டுப் போயிரும்" என்று சிரித்தாலும், மறுநாளே ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றாள். இருவருமாகப் போர்க்களத்தை நெருங்கினார்கள். யூனிஸ் டப்பாவைத் திறக்க, சுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேநீர் வடிகட்டியால் அந்த எறாலை ஏந்தி, யாகத்தில் நெய் வார்ப்பவள்போல் நீரில் இறக்கினாள். அது பொன்னிறமாக மின்னியது. எறால் மஞ்சள் நிறமுள்ள உயிரினம் என்று அவள் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

நாட்கள் சென்றன. எறால் அழுகவில்லை. தொட்டியோடு வந்த சோதனைக் குழாயில் நீரை எடுத்து மருந்துத் துளிகளை விட்டாள். விசம் பிறந்திருந்தால் பச்சையாகவேண்டிய குழாய் மஞ்சளாகவே நின்றது. கூடவே கடலும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. மேலே எண்ணெய்ப் படலம் ஒன்று வானவில் காட்டியது. யூனிஸை அழைத்தாள்.

"அழுகலயா? எப்படிட்டி அழுகும்? நீ சைவக்காரி, வாடை தாங்க மாட்டியேன்னு ஓடு உரிச்சு, மஞ்சளும் உப்பும் பிரட்டி, லேசா எண்ணெயில ஒரு வதக்கு வதக்கில்லா கொண்டாந்தேன்."

இவ்வாறு அன்பினால் வீழ்ந்தது முதற்படை. பச்சை எறாலைக் கண்டிராத கண்ணும், பச்சையாக எதையும் பிறர் வீட்டுக்குக் கொண்டுபோகாத பண்பும் சேர்ந்து ஒரு கடலையே ரசமாக்கிவிட்டன. நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கற்களைக் கழுவி, மீண்டும் சொட்டுச் சொட்டாக வடிகட்டி, மீண்டும் உப்புக் கலந்தாள். ஆனி பிறந்துவிட்டது. இனித் தூதர்களை நம்பிப் பயனில்லை.

தானே புறப்பட்டாள். பேருந்து கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியபோது ஆற்றின் முகத்தில் விழிக்கக் கூசி மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மேலப்பாளையத்து மீன் சந்தையில், பனிக்கட்டி மலைகளுக்கும் வாளை மீன்களின் வெள்ளி வாள்வரிசைக்கும் இடையே, மூக்கில் முந்தானையும் நெற்றியில் திருநீறுமாக அவள் நடந்தது, பகைவன் பாசறைக்குள் கொடியோடு நுழைந்த தனிவீரனின் நடையாக இருந்தது. எறால் குவியலின் பின்னே அமர்ந்திருந்த ஹசன் அலி நிமிர்ந்து திருநீற்றைப் பார்த்தார்.

"என்னம்மா, வழி கேக்கணுமா?"

"எறால். ஒண்ணு."

"ஒரு கிலோவா?"

"ஒண்ணே ஒண்ணு. கழுவ வேண்டாம். ஓடு உரிக்க வேண்டாம். மஞ்சள் போட வேண்டாம்."

ஹசன் அலி எறாலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுல பூனையா?"

"கடல்" என்றாள்.

அவர் குவியலைக் கிளறினார். மீசை நீண்ட, சாம்பல் நிற எறால் ஒன்றைப் பொட்டலம் கட்டி, "சும்மா கொண்டுபோங்க" என்றார்.

வாசலிலேயே நின்றிருந்தார் தாணுமாலையன். மூக்கு அவருக்கு முன்னால் நின்றிருந்தது.

"பையில என்ன?"

"எறால்."

ஓடும் தேரின் வடம் அறுந்தால் ரத வீதியில் விழுமே ஓர் அமைதி, அது அவ்வாசலில் விழுந்தது.

"சமைக்கவா?"

"அழுகப்போட."

அவர் முன்னோரின் விதிகளையெல்லாம் மனத்துள் புரட்டினார். உண்ணக்கூடாது, சமைக்கக்கூடாது, சமைக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அழுகப்போடுவது பற்றி எந்தப் பாட்டனும் எதுவும் சொல்லிச்செல்லவில்லை. விதியில் இடமில்லாத ஒன்றை மறுக்க எந்தத் தலைமை எழுத்தராலும் முடியாது.

"அடுக்களைக்குள்ள போகப்படாது" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

அழுகியது. சாம்பிராணியும் ஊதுவத்தியும் வாசனைப் படைகளாக எதிர்த்து நின்று தோற்றன. ஒருநாள் காலை சோதனைக் குழாய் பச்சையானது. சர்க்கரை பார்க்க விரலைக் குத்திக்கொண்டிருந்த தாணுமாலையன் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு நூத்தி அறுவது. அதுக்கு எவ்வளவு?"

அன்று முதல் இரண்டு சோதனைகளும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் நடந்தன. வண்ண அட்டையோடு குழாயை ஒப்பிடுவதை அவரே எடுத்துக்கொண்டார். அம்மோனியா நைட்ரைட்டாக மாறும், அதுவும் விசம், அதுவும் இறங்கவேண்டும் என்பதையெல்லாம் நாளிதழைப் படிக்கும் அதே தீவிரத்தோடு படித்தார். ஆனால் தேர் நெருங்கியது, நைட்ரைட் இறங்கவில்லை. அக்கா வருவதற்கு முந்தைய நாள் அவரே ஒரு சமாதானத் திட்டம் சொன்னார்.

"ரெண்டு மீன வாங்கி விட்டிரு. அக்கா பாத்துட்டுப் போயிருவா. பொறவு செத்தா செத்துட்டுப் போகுது."

சுந்தரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டையைக் காப்பாற்ற எளிய வழி அது. விருந்தாளிக்குக் காட்டுவதற்காக உள்ளே விசத்தோடு வாயைத் திறந்து திறந்து மூடுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

"வேண்டாம். யாரோ பாக்கணும்னு எந்தொட்டில எதுவும் சாவ வேண்டாம். தொட்டி மாடிக்குப் போனாப் போகட்டும். நானும் கூடவே போயிருதேன்."

தன் குரல் இத்தனை தாழ்வாகவும் இத்தனை உறுதியாகவும் இருக்கும் என்று அவளே அறிந்திருக்கவில்லை. தாணுமாலையன் நாளிதழை எடுத்தார். பக்கம் திருப்பவில்லை.

மறுநாள், அம்பாசமுத்திரத்திலிருந்து புறப்பட்ட புயல், ஆண்டுதோறும் தேருக்கு வந்து இரண்டு நாள் தங்கி வீட்டின் குறைகளையெல்லாம் கண்டறிந்து செல்லும் தணிக்கைத் தலைவி, தாணுமாலையனின் அக்கா தனலட்சுமி வந்திறங்கினாள். செருப்பைக் கழற்றுமுன் தொட்டியைக் கண்டாள்.

"ஏலே தாணு, மீனு எங்கலே?"

சுந்தரி அடுக்களை வாசலில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது; வாளாக இருந்திருந்தாலும் பயன் இருந்திராது. தீர்ப்பு கணவர் வாயில் இருந்தது. தாணுமாலையன் தொண்டையைச் செருமினார்.

"தண்ணி இன்னும் பழுக்கலக்கா. நைட்ரைட்டு இறங்கணும்."

"அது யாருலே?"

"ஒரு விசம். அதத் திங்க கண்ணுக்குத் தெரியாத பூச்சி வரணும். அவசரப்பட்டா மீனு செத்துரும். தொட்டி இங்கனயேதான் இருக்கும். காத்திருக்கணும்."

சுந்தரி கரண்டியை மெல்ல இறக்கினாள். வெற்றி முரசம் ஒலிக்கவில்லை. சொதி பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் மட்டும் கேட்டது.

தனலட்சுமி நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டி முன் அமர்ந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் அமர்ந்தாள். நீலம் அசைந்தது, குமிழிகள் எழுந்தன, கல்லிடுக்கில் எறாலின் கடைசி மீசை ஆடியது. அவள் வாய் திறந்தது, எதுவும் கேட்காமல் மூடியது. காப்பி கேட்கவில்லை. தலையணை கேட்கவில்லை. மறுநாள் தேரோடு போய்த் திரும்பி வந்தவள் மீண்டும் அங்கேயே அமர்ந்தாள். சுந்தரி இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

தேர் நிலைக்கு வந்துவிட்டது, நைட்ரைட்டும் இறங்கத் தொடங்கிவிட்டது. மீனைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொன்ன மதினி தனலட்சுமி இன்னும் ஊருக்குப் போகவில்லை.