பட்டாணிக் காட்டில் அக்காவின் கல்யாணம்

கொடைக்கானல்,
சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

பழனியில் இருக்கும் என் அன்பு அக்கா உம்மு ஹபீபா அவர்களுக்கு, தம்பி முகைதீன் மரியாதையுடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சபுராவும் மகள் சமீஹாவும் சுகம். கம்பளிக் கடையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்குப் போன் போட்டால் மச்சான்தான் எடுக்கிறார். அவர் பழனி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து அமெரிக்கா வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் நான் எதற்காகப் போன் போட்டேன் என்பது எனக்கே மறந்துவிடுகிறது. அதனால்தான் காகிதம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 1973இல் உங்கள் கல்யாணத்தை அத்தா ஸ்பூல் டேப்பில் பதிவு செய்தாரே, பன்னிரண்டு வயதுப் பையனாக நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த டேப்பைப் பற்றி நீங்கள் பெருநாளுக்குப் பெருநாள் கேட்பீர்கள், நானும் "பீரோவுக்குள்ள பத்திரமா இருக்குக்கா" என்று சொல்லிவந்தேன். போன மாதம் வரைக்கும் அது உண்மைதான். அதன் பிறகு பத்து நாள் உங்கள் கல்யாணம் கவுஞ்சியில் ஒரு பட்டாணிக் காட்டில், குருவி விரட்டுவதற்காகக் குச்சிக்குக் குச்சி கட்டப்பட்டுக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தயவுசெய்து இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். கவுஞ்சித் திருமலைச்சாமி என்று ஒருவர், இருபது வருஷமாக நம் கடையில்தான் ஸ்வெட்டர் எடுப்பார், நல்ல மனிதர். பட்டாணி காய்க்கிற நேரம், குருவி உட்கார்ந்து கொத்துகிறது, பளபளவென்று ஆடுகிற மாதிரி பழைய கேசட் டேப் இருந்தால் கொடுங்கள் என்று வந்து கேட்டார். அன்றைக்குத்தான் வெள்ளையடிப்பதற்காகப் பீரோவைக் காலி செய்து போட்டிருந்தோம். அதில் ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் ஒரே ஒரு ஸ்பூல். மற்ற ஐந்தும் பூஞ்சை பிடித்து அத்தா இருக்கும்போதே குப்பைக்குப் போய்விட்டன. லேபிள் உதிர்ந்துபோயிருந்தது. சபுராதான் அதை எடுத்துக் கொடுத்தாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே நான்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பத்தாவது நாள் காலையில் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெயர் நெவில், எழுபத்தைந்து வயது, இங்கிலாந்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மெல்லிய அரைக்கைச் சட்டை போட்டு நடுங்கிக்கொண்டிருந்தார், ஸ்வெட்டர் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நாலு டிசைனை எடுத்து விரித்துவிட்டேன். அவரோ ஒரு பழைய கடிதத்தின் நகலை எடுத்து அதன் மேல் வைத்தார். சமீஹா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, அன்றைக்கு லீவு, வந்து படித்துச் சொன்னாள். ஏரிக்கு மேலே பங்களாவில் ஹாலம் துரை என்று ஒருவர் இருந்தாரே, ஊருக்குப் போகும்போது டேப் மெஷின், ஆறு ஸ்பூல் உட்பட வீட்டுச் சாமான்களை அத்தாவிடம் விற்றுவிட்டுப் போனாரே, அவர் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் அது. லண்டன் ரேடியோவில் வருகிற சிரிப்பு நாடகத்தை ஞாயிறுதோறும் பிடித்து மெஷினில் பதிந்து வைக்கிறேன், இனிமேல் இங்கிலாந்தில் யாருக்காவது சிரிப்பு வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குத்தான் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அது விளையாட்டுக்கு எழுதியதுதான், ஆனால் அப்படியே ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அங்கே நாடகத்தை ஒலிபரப்பியதும் டேப்பை அழித்துவிட்டு வேறொன்றைப் பதிந்துவிடுவார்களாம். இப்போது அந்த நாடகத்தில் பாதிக்குமேல் உலகத்திலேயே கிடையாது. அதைத் தேடுவதற்கென்றே அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், பரண் பரணாக ஏறி இறங்குகிறார்கள். நெவில் அந்தச் சங்கத்தில் உறுப்பினர், துரையின் சாமான்களை வாங்கியது யார் என்று ஊரில் விசாரித்துத்தான் நம் கடைக்கு வந்திருக்கிறார். ஆனால் அவர் இவ்வளவு தூரம் வந்தது சங்கத்துக்காக மட்டும் இல்லை. 1959இல், ஒன்பது வயதில், அம்மாவோடு போய் அந்த நாடகத்தைப் பதிவு செய்கிற அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தங்கும் விடுதி, அதில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் மாடியில் ஒரு குதிரையை ஒளித்து வைத்திருக்கிறார்கள், அன்றைக்குக் கதை அதுதானாம். அவருடைய அம்மாவின் சிரிப்பு தும்மல் மாதிரி மூன்று தடவை மேலேறி அப்புறம்தான் விழுமாம், அன்றைக்கு அந்தச் சிரிப்பு அரங்கு முழுவதையும் தாண்டிக் கேட்டதாம். அடுத்த வருஷம் அந்த அம்மா தவறிப்போனார். அந்தக் குரல் வேறு எதிலும் பதிவாகி இல்லை.

"அந்த ரீல் உங்ககிட்ட இருக்கான்னு கேக்குறாருத்தா" என்றாள் சமீஹா.

"பட்டாணிக் காட்டுல கெடக்குன்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவையும் சொன்னாள். பிறகு அவர் நான் விரித்து வைத்த ஸ்வெட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாடகை ஜீப் பிடித்து மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. திருமலைச்சாமி வரப்பிலேயே நின்று வரவேற்றார். "பாய், நீங்க குடுத்த டேப்பு நல்லா வேலை செய்யுதுங்க. ஒரு குருவி எறங்கலீங்க" என்றார். படிப்படியாக இறங்குகிற அந்தக் காடு முழுக்க உங்கள் கல்யாணம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது, பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நெவில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அந்த டேப்பைப் பார்த்தபடியே நின்றார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெள்ளைக்காரரு எதுக்குங்க காட்டுல நின்னு அழுவுறாரு?" என்று திருமலைச்சாமியின் சம்சாரம் காளியாயி கேட்டார். அவங்க அம்மா சிரிப்பு இதில் இருக்கிறதாம் என்று சமீஹா சொன்னாள். எங்க அக்கா கல்யாணமும் எங்க அத்தா குரலும் பள்ளிவாசல் அஜரத் ஓதினதும்கூட இதில்தான் இருக்கிறது என்று நானும் சொன்னேன். காளியாயி உடனே செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, முதல் குச்சியிலிருந்து டேப்பை அவிழ்க்க ஆரம்பித்தார். பிறகு திருமலைச்சாமியைத் திரும்பிப் பார்த்து, "நின்னு பாத்துக்கிட்டு இருக்கீகளே, வெரசா அந்தப் பக்கத்துல இருந்து வாங்க. பனி எறங்குறதுக்குள்ள சோலிய முடிக்கணும்" என்றார்.

ஐந்து பேரும் நாலு மணி வரைக்கும் அவிழ்த்தோம். இழுத்தால் அறுந்துவிடும், மெல்ல அவிழ்த்தால் பட்டாணிக் கொடி கூடவே வரும். நான் மூன்றாவது படியிலிருந்து நாலாவது படிக்கு இறங்காமலேயே போய்ச் சேர்ந்தேன், முழங்கால் சங்கதி இதுதான். கடைசியில் நாற்பத்தொரு துண்டு கிடைத்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. குருவி கூட்டுக்குக் கொண்டுபோயிருக்கும் என்கிறார் திருமலைச்சாமி, எந்தக் குருவி என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் காளியாயி வீட்டுக்குள் போய் ஸ்பூலை எடுத்துவந்தார். அதில் பாதி டேப் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. காடு சிறியது, அவ்வளவு தேவைப்படவில்லை. நெவில் காளியாயி கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினார். அந்த அம்மாள் வெட்கப்பட்டு அவருக்கு ஒரு கூடை பட்டாணி கொடுத்தார்.

ஓட்டிப் பார்க்க மெஷினையும் நெவிலே ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். அது பன்னிரண்டு கிலோ, அதற்கு இடம் பண்ணத்தான் துணிமணியைக் குறைத்துவிட்டாராம். இப்போது நம் கடை ஸ்வெட்டரில்தான் இருக்கிறார், சபுரா அளவு பார்த்துக் கொடுத்தாள். கடைக்குப் பின்னால் கம்பளிக் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, உலர வைத்து, ஒட்டி, முழுசாக இரண்டு நாள் ஆனது. எந்தத் துண்டு முதல், எந்தத் துண்டு கடைசி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் உங்கள் கல்யாணத்தில் இப்போது முதலில் வெற்றிலை பாக்கு கொடுக்கிறார்கள், பிறகு வாங்க வாங்க என்று வரவேற்கிறார்கள், விருந்து முடிந்த பிறகு நிக்காஹ் நடக்கிறது. ஒரு துண்டைத் திருப்பி ஒட்டிவிட்டார், அதில் நம் பெரியம்மா பேசுவது ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. "அவங்க நெசத்துலயும் அப்பிடித்தான பேசுவாங்க" என்று சபுரா சொன்னாள். அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

அக்கா, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காட்டில் கட்டாத பாதியின் ஆரம்பத்தில் கல்யாணத்தின் கடைசிக் கொஞ்சம் இருக்கிறது, அதற்கப்புறம் அத்தா மெஷினை நிறுத்தியதும் அடியில் ஏற்கெனவே இருந்த லண்டன் நாடகம் அந்த இடத்திலிருந்து தொடர்கிறது. அத்தாவுக்குக் கடை இங்கிலீஷ் தவிர வேறு தெரியாது, ஆனாலும் சாயங்காலம் கடையை எடுத்துவைத்துவிட்டு இந்த நாடகங்களைப் போட்டு, அவர்கள் சிரிக்கிற இடத்தில் எல்லாம் கூடவே சிரிப்பார், ஞாபகம் இருக்கும். நல்ல சிரிப்பை விட மனசில்லாமல், சிரிப்புக் குறைவான பாதியாகப் பார்த்துத்தான் உங்கள் கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்.

நெவில் பொத்தானை அழுத்தினார். முதலில் இரைச்சல், அப்புறம் பாத்திரச் சத்தம், அப்புறம் அத்தா இருமினார். அக்கா, அத்தா மவுத்தாகி முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. இருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பேசினார், யாரோ வெளியூர் உறவுக்காரரிடம் பேசுகிறார், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. "எம் மக செல்லமா வளந்த புள்ளைங்க. அவ போற எடத்துல நல்லா இருக்கணும், எனக்கு அது போதும்" என்றார். அந்த இடத்தில் சபுரா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நானும் கம்பளிக் கட்டைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அத்தா மேலும் சொன்னார், "மாப்பிள்ளையும் ரொம்ப அமைதியான பையன். வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாப்ல."

டக் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி முந்நூறு வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்கு மேலே ஒரு பெண் குரல் தும்மல் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி விழுந்தது. நெவில் எழுந்து நின்றுவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மரப்படியில் குதிரை இறங்கி வருகிற குளம்புச் சத்தம், உடனே வீட்டுக்காரம்மா கோபமாக ஏதோ கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்றேன். சமீஹாவால் சிரிப்பில் பேச முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இவனை வீட்டுக்குள்ள யாரு விட்டதுன்னு கேக்குறாத்தா."

மச்சானைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுத்துமூலமாகப் பதிவு செய்கிறேன். சிரித்தது எல்லாம் லண்டன்காரர்கள்தான். அதுவும் மச்சானைப் பார்ப்பதற்குப் பதினாலு வருஷத்துக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்கள். அத்தா என்ன சொன்னார் என்று சமீஹா விளக்கிச் சொன்னதும், உங்கள் வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் எங்கம்மா இப்படிச் சிரித்திருக்கிறாரா என்று நெவில் கேட்டார். நானும் ஆமாம் என்றேன். அந்த இடத்தை மட்டும் பதினோரு தடவை போட்டுக் கேட்டோம். மறுநாள் பட்டாணியைப் போட்டு சபுரா புலவு செய்தாள், அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு வீடு நிறைந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

இப்போது உங்களிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. டேப் முழுவதையும் பென்டிரைவில் ஏற்றித் தந்திருக்கிறார், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சமீஹா பழனிக்குக் கொண்டுவருவாள், அத்தா குரலை நீங்கள் தினமும் கேட்கலாம். ஆனால் அசல் ஸ்பூலை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சங்கத்தில் வைக்கலாமா என்றும், நாடகத்தை ஒலிபரப்பும்போது அத்தா பேசுவதையும் அதற்கு வருகிற சிரிப்பையும் வெட்டாமல் சேர்த்தே போடலாமா என்றும் நெவில் கேட்கிறார். இது உங்கள் கல்யாணம், உங்கள் பொருள். நீங்களும் மச்சானும் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் அனுப்பாமல் அந்த ஸ்பூலை யார் கையிலும் கொடுப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதுகூட பிஸ்கட் டின் என் கண் முன்னால்தான் இருக்கிறது.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் குறையாத சுகத்தையும் தரட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், மச்சானுக்கு என் சலாம், அதற்கு அவர் சொல்லப்போகிற பதிலுக்கும் முன்கூட்டியே என் சலாம்.

என்றும் உங்கள் தம்பி,
முகைதீன்

பின்குறிப்பு: பொய் எழுதாதீர்கள் என்று சபுரா சொல்கிறாள். டின் என் கண் முன்னால் இருக்கிறது என்று எழுதியது உண்மைதான், டின் இருக்கிறது. நெவில் வியாழக்கிழமை வெள்ளனே பஸ் ஏறிப் போய்விட்டார். அம்மா சிரிப்பை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார், நானே ஸ்பூலை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டேன். ஆகவே சம்மதக் கடிதத்தில் தயவுசெய்து போன புதன்கிழமை தேதியைப் போடவும். மச்சானுக்குச் சம்மதம் இல்லையென்றால், அதை அவர் தனியாக, அடுத்த மாதத் தேதி போட்டு, எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம்.