பழவேற்காட்டில் ‘கெட்’ பங்கிட்ட கதை

பழவேற்காட்டுக் கோட்டையை ஒல்லாந்தர் இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைக்கப் போவதாகச் செய்தி வந்த அன்று, கோட்டையில் பாஷை பெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆதிகேசவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒல்லாந்து பாஷையைக் கரைத்துக் குடித்தவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததோ கப்பல்காரன் ஒருவனிடம் கற்ற ஒரே வினைச்சொல்: ‘கெட்’. உத்தியோகம் போனால் தம் நைனாவைப் போல வலை இழுக்கத்தான் போக வேண்டும்.

ஆனாலும் அது லேசுப்பட்ட சொல் அல்ல. வாங்கு, போ, எழு, ஏறு, இறங்கு, புரிந்துகொள் என்று அத்தனை வேலையையும் தனியாளாகப் பார்த்தது. அதைக் குப்பத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதுதான் அவர் செய்த தப்பு. சீக்கிரமே ஊரே கெட் பேசியது. வெறும் தமிழில் பேசினால் கருவாட்டுக்காரிகூட முகம் சுளித்தாள். எல்லாருக்கும் இங்கிலீஷ் வந்துவிட்டால் துபாஷி எதற்கு?

ஆதிகேசவன் ஊர்க்கூட்டம் போட்டார்.

“ஏரியில எறா புடிக்கிற எடத்தையே சீட்டுப் போட்டு, இன்னிக்கு இவன் பாடு, நாளைக்கு அவன் பாடுனு பிரிச்சுக்கிறோம். இந்தச் சொல்லை மட்டும் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எடுத்தா இன்னா நாயம்?”

நியாயமாகத்தான் பட்டது. மேற்படி சொல்லின் பொருள்கள் குடும்பவாரியாகச் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டன. முறை தவறிப் பேசினால் வலை பறிமுதல்.

கோட்டையை ஏற்க வந்த இங்கிலீஷ் துரையின் படகு முகத்துவாரத்துச் சேற்றில் சிக்கியது. துரை எழுந்து கும்பிட்டு, சுத்தத் தமிழில் சொன்னார்: “அன்புடையீர், சற்றே இறங்கி எம் படகைத் தள்ளுவீராக.”

ஆதிகேசவன் தம் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தமிழ் தெரிந்த துரையிடம் அவருக்கு என்ன வேலை?

கரையில் யாரும் அசையவில்லை. துரைக்குப் போய்த் தமிழில் பதில் சொல்ல எவருக்கு மனசு வரும்? கெட் சொல்லாமல் இறங்கினால்தான் மரியாதையாகுமா?

“எறங்குறது இன்னிக்கு யார் பாடு?” என்று மீனவன் நீலமேகம் கிசுகிசுத்தான்.

“கஸ்தூரியம்மாளுது. அது பொன்னேரி சந்தைக்குப் போயிருக்குது,” என்றாள் அவன் பெண்டாட்டி பச்சையம்மா.

“தள்ளுறது?”

“அதை இன்னும் யாருக்கும் ஒதுக்கலை. கூட்டம் போட்டாத்தான்.”

துரை திரும்பத் திரும்பத் தமிழில் கெஞ்சினார். கரையிலிருந்து அவரவர் தமக்கு வாய்த்த பொருளில், மரியாதையாக, “கெட்” என்றார்கள். தண்ணீர் வற்றிப் படகு சாய்ந்தது. துரையின் முகம் வெந்த இறாலாகச் சிவந்தது.

கடைசியில் அவர் தலைப்பாகைக்கார ஆதிகேசவனைப் பார்த்து, அழாத குறையாகக் கேட்டார்: “ஐயா, யான் மொழிவது இவர்கட்கு விளங்கவில்லை. நீர் தமிழ் அறிவீரோ?”

“கொஞ்சம் வரும், துரை.”

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாக அன்றைக்கே அவருக்கு உத்தியோகம் உறுதியாயிற்று. அந்த உத்தியோகம் இன்றைக்கும் எந்த ஆபீஸிலும் காலியாக இல்லை.